"பத்து நிமிஷம் குடுங்க தம்பி": ஐ.சி.யூ. செவிலியரின் பாரமும் நம் பங்கும்

(சர்வதேச செவிலியர் நாளையொட்டி, கல்லூரி மாணவர்களும் ரத்த தானத் தன்னார்வலர்களும் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செய்தித் துறையில் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். இதழியல் படித்துவிட்டு நேரா இந்த வேலைக்கு வந்தவன். வருமானச் சான்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது, பட்டா மாறுதல் எந்த நிலையில் இருக்குன்னு போன்ல எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் நம் மின்னிதழில் குறிப்புகள் வரும் இல்லையா, அதில் கணிசமானவை நான் எழுதியவைதான். பெயர் வராது, அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மே 12, செவிலியர் நாள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். இந்த நாளுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதித் தரச் சொன்னார்கள். "வெள்ளுடை தேவதைகள்" என்று ஆரம்பித்து ரெண்டு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஏன்னா, ஒரு செவிலியரிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் வாழ்த்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. என் மாமா, அம்மாவோட தம்பி, டவுன் பஸ் ஓட்டுநர். வயது 47. விடாத காய்ச்சல், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று ஒரு மாதம் ஓடியது. வயசு, வேலை அலுப்பு என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். ரத்தப் பரிசோதனையில் வந்த பெயர், அக்யூட் மைலாய்டு லுக்கீமியா. ரத்தப் புற்றுநோயில் வேகமாக முற்றும் வகை. முதல் கீமோ முடிந்து பத்தாம் நாள் வாக்கில் காய்ச்சல் அடித்தது. அன்றைக்கு ராத்திரியே ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டார்கள்.

நாலாவது நாள் இரவு, மணி ரெண்டு இருக்கும். தட்டணு வேணும்னு சொல்லி, நானும் என் நண்பனும் அலைந்து, ஆள் பிடித்து, ரத்த வங்கியிலிருந்து பை வந்து சேர்ந்துவிட்டது. ஏத்தியாச்சா இல்லையான்னு தெரியணும். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டினேன். நாலாவது தடவை சிஸ்டர் கதவை லேசாகத் திறந்து, "தம்பி, ஒரு பத்து நிமிஷம் குடுங்க. நானே வந்து சொல்றேன்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. சத்தம் போட்டேன். "உயிர் போற நேரத்துல பத்து நிமிஷம் கேக்குறாங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். செக்யூரிட்டி அண்ணன் வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த சிஸ்டர் சொன்னபடியே வந்தார். "தட்டணு ஏறிட்டு இருக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். நான் வீடியோ எடுத்தது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரத்தமோ தட்டணுவோ ஏற்ற ஆரம்பித்ததும் முதல் 15 நிமிஷம் செவிலியர் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வாமை, நடுக்கம், மூச்சுத்திணறல் மாதிரியான கடுமையான எதிர்வினைகள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தலைகாட்டும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் என்னிடம் கேட்ட பத்து நிமிஷத்தில் அவர் நின்றுகொண்டிருந்தது என் மாமாவின் கட்டில் பக்கத்தில்தான்.

ரத்தப் புற்றுநோயாளி ஏன் ஐ.சி.யூ. வரை போகிறார்?

ரத்தப் புற்றுநோய் என்றால் ஒரே நோய் இல்லை. லுக்கீமியா, லிம்ஃபோமா, மைலோமா என்று மூன்று பெரிய பிரிவுகள், அவற்றுக்குள் பல வகைகள். நிறையப் பேர் குணமாகிறார்கள். குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை லுக்கீமியாவில், நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, நம் தெருவோரத்தில் வளரும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது.

சிக்கல் என்னன்னா, நோய் பிடித்திருப்பது எலும்பு மஜ்ஜையை. ரத்த அணுக்கள் எல்லாம் உற்பத்தியாகும் இடம் அதுதான். கீமோ கொடுத்தால் கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களும் சேர்ந்து சரியும். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சில ஆயிரம் இருக்கும். இவர்களுக்கு அது 500-க்கும் கீழே போய்விடும். தட்டணு நமக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். இவர்களுக்குச் சில நாள் பத்தாயிரத்தைத் தொடும்.

நமக்குக் காயத்தில் கிருமி புகுந்தால் சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். சீழ் கட்டுவதற்கே வெள்ளணு வேண்டும். இவர்களிடம் அது இல்லை. அதனால் உள்ளே பெரிய தொற்று இருந்தாலும் வெளியே தெரிவது பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான். இந்த நிலையில் உடல்வெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உடம்பில் ஏறியிருக்க வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். தாமதமானால் தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் சரிந்து, நுரையீரலும் சிறுநீரகமும் அடுத்தடுத்துப் பாதிக்கப்படும். அந்தக் கட்டத்தில்தான் பலர் ஐ.சி.யூ.வுக்கு வருகிறார்கள். என் மாமாவும் அப்படித்தான் வந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் இரவு

மாமா விஷயமெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து அந்த சிஸ்டரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன் தம்பி" என்று சிரித்தார். "உள்ளே என்ன வேலை நடக்கும்னு கொஞ்சம் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பல மருத்துவமனைகளில் இரவுப் பணி 12 மணி நேரம். முதலில் முந்தைய ஷிஃப்ட் செவிலியரிடம் கட்டில் பக்கத்திலேயே நின்று பொறுப்பேற்க வேண்டும். எந்த மருந்து எந்தப் பம்பில் என்ன வேகத்தில் ஓடுகிறது, கடைசியாக வந்த ரத்த எண்ணிக்கை என்ன, எந்தக் குழாய் எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள்.

அப்புறம் மணிக்கு மணி நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், சிறுநீர் அளவு எல்லாம் குறிக்க வேண்டும். ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லைன்னா படுக்கைப் புண் வரும். தட்டணு குறைந்தவரை அழுத்திப் பிடித்தாலே தோலில் ரத்தம் கட்டிவிடும். அதனால் புரட்டுவதிலும் தனிக் கவனம் வேண்டும். கீமோவால் வாய் முழுக்கப் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் இருப்பார்கள். மெத்தென்ற பிரஷ்ஷாலும் மருந்துத் தண்ணீராலும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். தசையில் போடும் ஊசியைத் தவிர்க்க வேண்டும். பிளேடால் முகம் மழிக்கக் கூடாது. கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் ஒரு குழாய் இருக்கும். அதில் மருந்து செலுத்துகிற ஒவ்வொரு முறையும் முனையைக் கிருமிநாசினியால் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒரு தடவை விட்டுவிட்டால் அந்த வழியாகவே கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும். நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை சுத்தம். ஓர் இரவில் எத்தனை தடவைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ரத்தப் பை வந்தால் ரெண்டு பேர் சேர்ந்து பெயர், எண், ரத்த வகை, காலாவதி நாள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ரெண்டாவது ஆளும் வேறொரு கட்டிலை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

மருந்திலும் ஆபத்து உண்டு. நித்தியகல்யாணியிலிருந்து வந்த அந்த வின்கிரிஸ்டினை ரத்தக்குழாய் வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும். தண்டுவடத்தில் போட வேண்டிய வேறு மருந்தோடு மாறிப்போய் அங்கே செலுத்தப்பட்டால் உயிரையே பறித்துவிடும். உலகில் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் கொடுக்காமல் சின்னப் பையில் கலந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விடிகாலை நாலு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் லேபிள் படிக்கிற ஒருவர், இந்த மாதிரி மருந்துகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்.

செவிலியர் உடம்புக்கும் ஆபத்து உண்டு. கீமோ எடுத்தவரின் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். பொதுவாக 48 மணி நேரம் வரைக்கும் கையுறை, கவுன் போட்டுத்தான் கையாள வேண்டும். சைக்ளோபாஸ்ஃபமைடு மாதிரி சில கீமோ மருந்துகளே புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று சர்வதேச அமைப்பால் வகைப்படுத்தப்பட்டவை.

பாரத்தை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது

"ரெண்டு பேஷண்ட்தானே, ஜெனரல் வார்டுல முப்பது பேரைப் பார்க்குறாங்களே" என்று நான்கூட நினைத்திருக்கிறேன். தலையை எண்ணி வேலையை அளக்க முடியாது என்று புரிந்துகொண்டுதான், 2003-இல் நர்சிங் ஆக்டிவிட்டீஸ் ஸ்கோர் என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். 15 நாடுகளில் 99 ஐ.சி.யூ.க்களில் செவிலியர் வேலையைக் கவனித்து உருவாக்கியது. மொத்தம் 23 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒரு நோயாளிக்கு 100 வந்தால், ஒரு செவிலியரின் முழு நேரமும் அவருக்கே தேவை என்று அர்த்தம். அதிகபட்சம் 177 வரை போகலாம். அதாவது ஒரே நோயாளிக்கு ஒரு செவிலியர் போதாத நாளும் உண்டு.

அந்த 23-இல் ஒன்றைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோயாளிக்கும் உறவினர்களுக்கும் ஆறுதல் சொல்வது, விளக்குவது, போனில் பதில் சொல்வது. இதுவும் ஒரு வேலையாக அதில் இருக்கிறது. ஒரு ஷிஃப்டில் சுமார் ஒரு மணி நேரம் என்றால் 4 மதிப்பெண். மூணு மணி நேரம் அல்லது அதற்கு மேல் போனால் 32. ஒரு செவிலியரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

எங்கள் குடும்பத்தை நினைத்துப் பார்த்தேன். மாமா கூடப்பிறந்தவர்கள் அஞ்சு பேர். அவர்கள் பிள்ளைகள், டெப்போ நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து வராந்தாவில் எப்பவும் பதினஞ்சு பேர். ஒவ்வொருத்தரும் தனித்தனியா கேட்போம், "சிஸ்டர், எப்படி இருக்கார்?" பாசத்தில்தான் கேட்டோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு கட்டிலை விட்டு எழுந்து வந்தார்.

ஆள் பற்றாக்குறை நோயாளியின் உயிரைத் தொடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா அய்கன் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடியிருந்தது. செவிலியர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு விகிதம் 23 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஆய்வு ஐ.சி.யூ. பற்றியதோ ரத்தப் புற்றுநோய் பற்றியதோ இல்லை. ஆனாலும் செவிலியர் களைப்பும் நோயாளி பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அது எண்ணிக் காட்டியது.

கணக்கில் வராத பாரம்

இதை எந்த மதிப்பெண்ணும் முழுசாகப் பிடிக்காது.

எலும்பு முறிவுக்கு வந்தவர் சிகிச்சை முடிந்து கிளம்பிவிடுவார். ரத்தப் புற்றுநோயாளி அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றுக் கீமோவுக்கும் திரும்பத் திரும்ப வருகிறார். சிலருக்கு ரெண்டு மூணு வருஷம் சிகிச்சை ஓடும். அவர் பிள்ளை எத்தனாவது படிக்கிறான், அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், ஊசி போடும்போது யாரைக் கூப்பிடுவார், எல்லாம் செவிலியருக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பழகின ஒருவர் ஒரு நாள் மூச்சுக்குழாயோடு ஐ.சி.யூ. கட்டிலில் கிடக்கிறார். ஒரு வாரத்தில் தேறிப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மருத்துவ ஒழுக்கவியலில் இதையொட்டி ஒரு சொல் இருக்கிறது. நோயாளிக்கு எது நல்லது என்று மனசுக்குத் தெரிகிறது, ஆனால் சூழ்நிலை அதைச் செய்ய விடவில்லை. அந்த நிலையில் வரும் வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறிஞர் அறம் சார்ந்த மனவேதனை என்ற பொருளில் எழுதினார். இனிமேல் மருந்து வேலை செய்யாது என்று தெரிந்த பிறகும் ஊசி மேல் ஊசி குத்த வேண்டியிருக்கிறது. "கடைசியா பிள்ளையைப் பார்க்கணும்" என்று கேட்டவரின் பிள்ளையை உள்ளே விட முடியாமல் தொற்று விதி தடுக்கிறது. இந்த மாதிரி நேரங்களில் அந்தக் கட்டில் பக்கம் நிற்பது பெரும்பாலும் செவிலியர்தான்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச்சோர்வைப் பற்றி விளக்கமாகச் சொன்னது. அதை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத வேலையிட மன அழுத்தத்தின் விளைவு என்றது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, செய்யும் வேலை பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். "அந்த நர்ஸ் சிரிக்கவே மாட்டேங்குறாங்க, கல்லு மாதிரி இருக்காங்க" என்று நாம் குறை சொல்வோமே, அதில் சிலர் அந்த ரெண்டாவது நிலைக்கு வந்துவிட்டவர்களாக இருக்கலாம்.

எங்கள் அத்தை, மாமாவின் மனைவி, சமயபுரத்திலிருந்து விபூதி வாங்கி வந்தார். நெற்றியில் வைக்கணும் என்று ஒரே அழுகை. வெள்ளணு இல்லாதவர் பக்கத்தில் விபூதி, பூ, தீர்த்தம் எதுவும் கூடாது. எதில் எந்தப் பூஞ்சை இருக்கும்னு சொல்ல முடியாது. "சாமியைக்கூட விட மாட்டேங்குறாங்களே" என்று அத்தை புலம்பினார். அந்த சிஸ்டர் விபூதிப் பொட்டலத்தை வாங்கி, கண்ணாடித் தடுப்பின் வெளிப்பக்கம் மாமா தலை இருக்கும் திசையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். "இங்க இருந்தா அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்மா" என்றார். விதியும் மீறவில்லை, அத்தைக்கும் ஒரு நிம்மதி. இதைச் செய்ய ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ரெண்டு நிமிஷத்தை எந்த வேலையிலிருந்து எடுத்தாரோ தெரியாது.

பதினோராவது நாள் விடிகாலை மாமா போய்விட்டார். டாக்டர் வந்து சொன்னார். பின்னாலேயே சிஸ்டர் வந்து அத்தை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ அலாரம் அடித்தது. எழுந்து போய்விட்டார். அவர் பொறுப்பில் அன்றைக்கு இன்னும் ரெண்டு பேர் இருந்தார்கள்.

நம்ம கையில் இருப்பது

கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரரின் நிலையைத் தெரிந்துகொள்வது நம் உரிமை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் குடும்பம் செய்யத் தவறியதைப் பட்டியலாகவே தருகிறேன்.

ஒன்று, குடும்பத்துக்கு ஒரு பேச்சாளர். யாராவது ஒருவர் மட்டும், டாக்டர் விளக்கம் சொல்லும் நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் அவர் போடட்டும். சந்தேகங்களை முன்கூட்டியே போனில் எழுதி வைத்துக்கொண்டால் ஒரே தடவையில் கேட்டுவிடலாம்.

ரெண்டு, ரத்தத்தை ராத்திரியில் தேட வைக்காதீர்கள். தட்டணுவை 5 நாளைக்கு மேல் சேமிக்க முடியாது. அதுவும் ஃபிரிட்ஜில் இல்லாமல், 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் அசைத்துக்கொண்டே வைக்க வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் பெரிய முகாம் நடத்துவதைவிட, வாரா வாரம் சிலர் கொடுப்பதுதான் இந்த நோயாளிகளுக்கு உதவும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எந்த ரத்த வங்கியில் என்ன இருப்பு என்று மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் போனிலேயே பார்க்கலாம். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. "டோனர் இருக்காங்க, இவ்வளவு ஆகும்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

மூணு, காகிதங்களை முதலிலேயே தயார் செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் வேண்டும். விவரங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993. ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு அட்டைக்கு ஓடுவதும், அதைப் பற்றி செவிலியரிடம் விசாரிப்பதும் ரெண்டு பக்கமும் வேதனை.

நாலு, தொற்று விதியை மதியுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் பார்க்க வராதீர்கள். கை சுத்தம் செய்யச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். பூ, பழக்கூடை, பிரசாதம் எதுவானாலும் முதலில் கேளுங்கள்.

அஞ்சு, போனைச் சட்டைப் பையில் வையுங்கள். ஐ.சி.யூ.வில் வீடியோ எடுத்தால் அதில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இன்னொருவரின் அப்பாவும் அம்மாவும் விழுவார்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அன்றைக்கு நான் இன்னும் ரெண்டு அடி முன்னால் போயிருந்தால் அது என் மேல் பாய்ந்திருக்கலாம்.

ஆறு, குறை இருந்தால் சரியான இடத்தில் சொல்லுங்கள். நிஜமான அலட்சியம் நடக்கும் இடமும் உண்டு, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. முதலில் பொறுப்புச் செவிலியர், பிறகு நிலைய மருத்துவ அலுவலர். அதற்கும் மேல் 104 மருத்துவ உதவி எண் அல்லது முதல்வரின் உதவி மையம் 1100. பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு, மனசு தாங்கவில்லை என்றால் 14416. டெலி-மனாஸ் என்ற இந்த மனநல ஆலோசனை சேவை 2022-இல் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நோயாளி வீட்டார் பேசலாம், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் செவிலியரும் பேசலாம்.

நிர்வாகம் கையில் இருப்பது

இதை அரசு இதழில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் பாரம் முழுக்கப் பொதுமக்கள் நடத்தையால்தான் வருகிறது என்று ஆகிவிடும். அது உண்மை இல்லை. ஐ.சி.யூ.வில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற அளவுகோல் நம் நாட்டிலேயே பேசப்படுகிறது. விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாகத் தனியாக ஆள் வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டமே போட்டது. அங்கே ஐ.சி.யூ.வில் ஒரு செவிலியருக்கு ரெண்டு நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இந்த அளவுகோலை எட்டுகிற வரைக்கும் "இன்னும் கொஞ்சம் அன்பா நடந்துக்கோங்க" என்று செவிலியரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நியாயம் இல்லை.

பெரிய செலவு இல்லாமல் நடக்கக்கூடியவையும் உண்டு. உறவினர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு குறிப்பிட்ட நேரமும் அதற்கென ஓர் ஆளும். இரவுப் பணியில் உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிஷம். ஒரு மரணத்துக்குப் பிறகு அந்த ஷிஃப்ட்காரர்கள் சேர்ந்து கொஞ்ச நேரம் மனசு விட்டுப் பேச ஓர் இடம். கீமோ கையாளுவதற்குத் தட்டுப்பாடு இல்லாமல் கையுறையும் கவுனும்.

அந்த சிஸ்டரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "எங்க மாமா இறந்த அன்னைக்கு நீங்க எப்ப சாப்பிட்டீங்க?" அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மாமா ஓட்டிய பஸ்ஸின் தட எண் அவருக்கு ஞாபகம் இருந்தது. நினைவு தெளிந்திருந்த நாட்களில் மாமா அவரிடம் அந்த ரூட்டில் உள்ள நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வாராம்.

அன்றைக்கு எடுத்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. மூடின கதவும், என் சத்தமும்தான் அதில் இருக்கின்றன. யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. கதவு திறக்கத் தாமதமாகும் இடங்களில் கோபம் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்கு இங்கே ரத்த தானப் பதிவு மேசை போட்டிருக்கிறார்கள். போகும்போது உங்கள் பெயரையும் ரத்த வகையையும் எழுதிவிட்டுப் போங்கள். ஏதோ ஒரு இரவு ரெண்டு மணிக்கு ஒரு செவிலியர் அந்தப் பட்டியலைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவார்.